கஞ்சா சேர்ந்த மருந்தும் கொழும்பு வேலையும்: சோதனைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வைத்தியரின் எழுத்தோடு கஞ்சா எண்ணெய் எடுக்கிறார், அவருடைய கம்பனியும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதே உரிமை கொழும்பிலும் இருக்கும் என்று நம்புகிறவர்கள் பலர். இங்கே அப்படி இல்லை. கனடாவில் மருத்துவத் தேவைக்கான கஞ்சா 2001 முதல் சட்டபூர்வமானது. உடல்நலக் குறைபாடு உள்ள ஊழியருக்குத் தன்னால் இயன்ற எல்லைவரை இடம்கொடுக்க வேண்டிய கடமையும் அங்கே தொழில்தருநருக்கு இருக்கிறது. அமெரிக்காவில்கூட நிலைமை அவ்வளவு இலகுவில்லை. கொலராடோ மாநிலம் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்திருந்தும், வேலைக்கு வெளியே அதை எடுத்த ஊழியரை நீக்கியது செல்லும் என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்த்தது. மத்திய சட்டம் தடைசெய்த ஒன்றை ‘சட்டபூர்வமான செயல்’ என்று கொள்ள முடியாது என்பதே காரணம்.

இலங்கையில் மருத்துவக் கஞ்சா அட்டை என்று ஒன்று இல்லை. ஆனால் ஒரு ஊழியரை எப்படி விசாரிக்கலாம், எப்படி நீக்கலாம், எதைப் பிடித்துவைக்க முடியாது என்பவற்றுக்குச் சட்டம் உண்டு. மருந்தால் சிக்கலில் மாட்டியவரைக் காப்பது அந்தச் சட்டந்தான். அதைப் பயன்படுத்த உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைச் சோதனை நாளுக்கு முன்பே சேர்த்திருக்க வேண்டும்.

உங்கள் மருந்து எந்த வகை?

முதலில் இதைத் தீர்மானியுங்கள். மற்ற எல்லாம் இதைப் பொறுத்தது.

ஒன்று, ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், பதிவுபெற்ற வைத்தியர் தம் மருந்துத் தயாரிப்புக்கு அனுமதியின் பேரில் அபினும் கஞ்சாவும் பெற வழிவைத்திருக்கிறது. சித்த வைத்தியமும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும். ஆகவே பதிவுபெற்ற வைத்தியர் உங்களைப் பார்த்து, உங்கள் நோய்க்கென்று தந்த லேகியத்துக்கு விளக்கம் சொல்ல முடியும். கடையில் பக்கெற்றாக விற்கும், கஞ்சா சேர்ந்த மதன மோதகத்துக்கு அந்த விளக்கம் பொருந்தாது. ஆயுர்வேதம் என்று மேலுறையில் அச்சடித்திருந்தாலும் பொலிஸ் பிடிப்பது வழக்கம். மருந்தின் சேர்மானப் பட்டியலில் ‘விஜயா’, ‘திரைலோக்கிய விஜயா’, ‘பங்’ என்று இருந்தால் அது கஞ்சாதான். பலர் இதை அறியாமலே மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். தூக்கத்துக்கோ வயிற்றுக்கோ லேகியம் வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு, ஆங்கில வைத்தியத்தின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள்: மோர்பின், கோடீன், ட்ரமடோல், பென்டனில் ஒட்டு, டயஸிபாம், பிரிகபலின். சிறுநீர்ச் சோதனையில் அகப்படும் ஊழியர்களில் இவற்றை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். புற்றுநோய்க்குப் பிறகு வேலைக்குத் திரும்பியவர், முதுகெலும்புச் சத்திரசிகிச்சை செய்தவர் போன்றோர் இவர்கள். சட்டத்தில் இவர்களின் நிலைமைதான் வலுவானது, ஏனென்றால் பதிவுபெற்ற வைத்தியரின் மருந்துச் சீட்டும் வைத்தியசாலைப் பதிவும் இருக்கின்றன.

மூன்று, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது அல்லது இணையத்தில் வாங்கியது. கனடா, பிரித்தானியா, தாய்லாந்து வைத்தியரின் சீட்டு கட்டுநாயக்க சுங்கத்தில் உங்களைக் காப்பாற்றாது. இந்தியாவில் இணையத்தில் தாராளமாக விற்கும் ‘விஜயா எண்ணெய்’ வகைகளும் அப்படியே. ‘போதை இல்லாத சி.பி.டி. எண்ணெய்’ என்ற பேச்சையும் நம்பிவிட வேண்டாம். அது கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது. பல போத்தல்களில் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யும் கலந்திருக்கும். இந்த மூன்றாம் வகையில் நீங்கள் இருந்தால் வேலையை யோசிக்க முன்னரே ஒரு குற்றவியல் சட்டத்தரணியிடம் பேசுங்கள். நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929இலிருந்து இருக்கிறது, 1984இலும் 2022இலும் கடுமையாக்கப்பட்டது. கம்பனியிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு வரியும் வழக்கில் உங்களுக்கு எதிராக வரலாம். ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட அனுமதி என்று செய்திகளில் வருவது ஊழியரின் நிலையை ஒரு துளியும் மாற்றவில்லை.

முன்கூட்டியே சேர்க்க வேண்டிய கோப்பு

மருந்துச் சீட்டைப் பாமசியில் கொடுக்க முன்னர் இரு பக்கமும் படமெடுங்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்தானால் பாமசி சீட்டைத் தானே வைத்துக்கொள்ளும், பிறகு உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. பற்றுச்சீட்டில் உங்கள் பெயர், மருந்தின் பெயர், அளவு, திகதி இருக்க வேண்டும். ஆயுர்வேத வைத்தியரிடம் வாங்குவதில் இதுதான் அடிக்கடி தவறுகிறது: காசை வாங்கிக்கொண்டு கடதாசியில் சுற்றித் தருவார்கள். தயங்காமல் கேளுங்கள். பெயர், ஆயுர்வேத மருத்துவ சபைப் பதிவு இலக்கம், நோய், மருந்து, வேளைக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் வைத்தியரின் தலைப்புத் தாளில் வர வேண்டும். எழுதித்தர மறுக்கிறவரின் மருந்தைச் சாப்பிடாமல் விடுவதே நல்லது. பொரளை ஆயுர்வேதப் போதனா வைத்தியசாலையில் காட்டினால் கிளினிக் பதிவு தானாகவே கிடைக்கும்.

மருந்தை வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். வேலைக்குக் கொண்டுபோகவே வேண்டுமென்றால் ஒரு வேளைக்குரியதை மட்டும், பெயர் ஒட்டிய மூல உறையில், சீட்டின் பிரதியோடு கொண்டுபோங்கள். கஞ்சா சேர்ந்த லேகியத்தை ஒருபோதும் வேலைத்தலத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டாம்.

இன்னொன்று, வேலைக்குத் தகுதி பற்றிய வைத்தியரின் கடிதம். இதில் நோயின் பெயரோ மருந்தின் பெயரோ இருக்க வேண்டிய அவசியமில்லை. ‘இவர் என் சிகிச்சையில் இருக்கிறார், இரவு நேரத்தில் மருந்து எடுக்கிறார், அலுவலக வேலைக்குத் தகுதியானவர், வாகனம் ஓட்டுதல், இயந்திரம் இயக்குதல் கூடாது’ என்ற அளவு போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பழைய திகதியிட்ட கடிதத்தை எந்த எச்.ஆர். அதிகாரியும் மதிப்பதில்லை.

கம்பனிக்குச் சொல்லலாமா?

முதலில் உங்கள் நியமனக் கடிதத்தையும் ஊழியர் கைந்நூலையும் எடுத்துப் படியுங்கள். தேட வேண்டியவை மூன்று: போதைப்பொருள் சோதனைக்குச் சம்மதித்திருக்கிறீர்களா, மருந்தை முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறதா, அறிவிக்காமல் விடுவது தவறு என்று சொல்லப்பட்டிருக்கிறதா. அறிவிக்கும் கடமை எழுத்தில் இருந்தால் அறிவியுங்கள். ஒன்றும் இல்லை, வேலையும் மேசை வேலைதான் என்றால், இரண்டாம் வகை மருந்துக்குத் தகுதிக் கடிதம் ஒன்று கோப்பில் இருந்தால் போதும். கேட்டால் கொடுக்கலாம்.

சாரதிகள், துறைமுகப் பாரந்தூக்கி இயக்குநர்கள், போர்க்லிப்ற் ஓட்டுநர்கள், வெட்டும் இயந்திரத்தில் நிற்பவர்கள், ஆயுதம் தாங்கும் காவலர்கள் விடயம் வேறு. இவர்கள் சொல்லியே ஆக வேண்டும். வாயால் உட்கொண்ட கஞ்சா அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வேலைசெய்யத் தொடங்கி ஆறு, எட்டு மணி நேரம் நீடிக்கும். இரவு பதினொரு மணிக்கு எடுத்தவர் காலை ஆறு மணி ஷிப்டில் இன்னும் தெளியாமல் இருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் மதுவின் கீழும் ஔடதத்தின் கீழும் வாகனம் ஓட்டுவதைத் தடுக்கிறது. வைத்தியரின் சீட்டு அதற்கு விலக்கு அல்ல. வேலையில் காயப்பட்டால் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வரவேண்டிய பணத்தையும், விபத்துக்கு நேரடிக் காரணம் ஔடத மயக்கமே என்று வாதாடி மறுக்கப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிது, பக்கத்தில் நிற்பவரின் உயிர்.

அறிவிக்கும் கடிதம் சிறியதாக இருக்கட்டும். உதாரணம்:

‘நான் பதிவுபெற்ற வைத்தியரின் சிகிச்சையில் இருக்கிறேன். மருந்தின் காரணமாகப் பரிசோதனைகளில் மாற்றம் தெரியக்கூடும். வைத்தியரின் தகுதிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. எனது மருத்துவ விபரங்களை எச்.ஆர். பிரிவுக்கு அப்பால் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். தேவைப்பட்டால் இரண்டு மாதங்களுக்கு இயந்திரம் சாராத வேலை தருமாறும் வேண்டுகிறேன். இக்கடிதம் கிடைத்ததை உறுதிப்படுத்தவும்.’

இதை மின்னஞ்சலில் அனுப்பி, உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு பிரதி போடுங்கள். அலுவலகக் கணக்கு பூட்டப்பட்டால் உங்கள் ஆதாரமும் அதோடு போய்விடும். மேலாளரிடம் வாயால் சொன்னது சொல்லாததற்குச் சமம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது என்பதையும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

சோதனை நாள்

சிறுநீர்ச் சோதனை எதைக் காட்டுகிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் பிறகு வாதாட முடியும். அது டி.எச்.சி. உடைந்து வரும் எச்சத்தைக் காட்டுகிறதே தவிர, அந்த நேரத்தில் நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்களா என்பதைக் காட்டாது. எப்போதாவது எடுத்தவருக்கு மூன்று நான்கு நாளில் மறையும். தினமும் எடுத்தவருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும். அமெரிக்க அரசின் வேலைத்தல விதிகளில் முதற்கட்டச் சோதனையின் எல்லை மில்லிலீற்றருக்கு 50 நனோகிராம், உறுதிப்படுத்தும் சோதனையில் 15. இங்கே பல இடங்களில் நடப்பது முதற்கட்டக் கீற்றுச் சோதனை மட்டுமே. அது பிழைக்கும். வயிற்றெரிவுக்கான பன்டோபிரசோல் கஞ்சாவாகவும், லிவோபுளொக்சசின் போன்ற அன்டிபயோட்டிக் அபின் வகையாகவும், மனச்சோர்வுக்கான சேர்ட்ரலின் டயஸிபாம் வகையாகவும், இரத்த அழுத்தத்துக்கான லபெட்டலோல் அம்பெட்டமினாகவும் தவறாகக் காட்டிய பதிவுகள் உண்டு. அதனால்தான் வாயு அல்லது திரவ நிறப்பகுப்போடு திணிவு நிறமாலைச் சோதனை (GC-MS அல்லது LC-MS) செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்று கேட்கிறோம்.

மாதிரி கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை: கொடுக்க முன்னர் கடந்த முப்பது நாளில் எடுத்த எல்லா மருந்தையும், பனடோல், இருமல் பாணி உட்பட, எழுதிக் கொடுத்துப் பிரதி எடுங்கள். மாதிரியை இரண்டு போத்தலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 30 மில்லிலீற்றர் ஒன்று, 15 இன்னொன்று. இரண்டாவது போத்தல் மறுசோதனைக்கு. உங்கள் கண்முன்னே முத்திரையிட்டு, உங்கள் கையொப்பமும் நேரமும் லேபலில் வர வேண்டும். முத்திரையிடாத குவளையோடு ஒருவர் வாசலுக்கு வெளியே போனால், அதையே அந்தப் படிவத்தில் எழுதிவிட்டுக் கையொப்பமிடுங்கள். இந்த ஒரு வரி பின்னர் விசாரணையில் பெரிய ஆயுதம்.

முந்தின இரவு லீற்றர் கணக்கில் தண்ணீர் குடிப்பது வீண். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருளின் அளவு குறைந்து ‘நீர்த்த மாதிரி’ என்று வரும், அதையே ஏமாற்று முயற்சி என்பார்கள். சோதனைக்குப் பயந்து மருந்தைத் திடீரென நிறுத்துவது அதைவிட மோசம். மோர்பினைச் சட்டென்று விட்டால் உடம்பு கடுமையாகப் பாதிக்கப்படும். டயஸிபாம், பிரிகபலின் இரண்டையும் அப்படி விட்டால் வலிப்பு வரை போகலாம். வைத்தியரைக் கேளாமல் ஒரு குளிசையைக்கூட விடாதீர்கள்.

பலவந்தமாக யாரும் உங்களிடமிருந்து இரத்தமோ சிறுநீரோ எடுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தத்தில் சம்மதித்துவிட்டு மறுத்தால், மறுப்பே ஒழுக்காற்றுக் குற்றமாக எழுதப்படும். ‘எழுத்தில் உத்தரவு தாருங்கள், என் வைத்தியரின் கடிதத்தோடு தருகிறேன்’ என்பது மறுப்பதை விடப் புத்தியானது.

பொசிட்டிவ் வந்த பிறகு

இங்கேதான் பெரும்பாலானோர் எல்லாவற்றையும் இழக்கிறார்கள், அதுவும் பத்து நிமிடத்தில். அறைக்குக் கூப்பிட்டு, ‘பொலிஸுக்குப் போகாமல் விடுகிறோம், இராஜினாமாக் கடிதத்தில் கையொப்பமிட்டுப் போங்கள்’ என்பார்கள். கையொப்பமிடாதீர்கள். சுயவிருப்பில் விலகியவருக்கு, வேலை நீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாயசபையில் சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. வற்புறுத்தல் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ‘வீட்டில் பேசிவிட்டு நாளை பதில் தருகிறேன்’ என்று எழுந்து வாருங்கள். ஏற்கெனவே கையொப்பமிட்டுவிட்டால், அன்றே அது அழுத்தத்தின் பேரில் தரப்பட்டது என்றும் மீளப்பெறுகிறேன் என்றும் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். இரண்டு நாள் போனால் அந்தக் கடிதத்தின் பலம் பாதியாகும்.

அடுத்து, விளக்கம் கோரும் கடிதம் வரும். பதிலுக்குத் தந்த நாள் போதாவிட்டால் கூட்டிக் கேளுங்கள். பதிலோடு மருந்துச் சீட்டையும் பற்றுச்சீட்டையும் இணைத்து, உறுதிப்படுத்தும் சோதனையும் ஆய்வுகூட அறிக்கையின் முழுப் பிரதியும் கேளுங்கள். பிறகு குற்றப்பத்திரமும் உள்ளக விசாரணையும். விசாரணையில் மாதிரியை எடுத்தவரைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு, உங்கள் பக்கத்துச் சாட்சி, நடவடிக்கைக் குறிப்பின் பிரதி மூன்றையும் எழுத்தில் கோருங்கள். விசாரணை தமிழில் நடக்க வேண்டும் அல்லது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். சிங்களத்தில் ஓடும் விசாரணையில் வெட்கப்பட்டுத் தலையாட்டியது ஒப்புதல் வாக்குமூலமாகப் பதியப்படும்.

கம்பனி எந்தப் பாதையில் போகிறது என்று பாருங்கள். ‘உங்கள் உடல்நிலை வேலைக்குத் தகாது’ என்று நீக்கினால் அது ஒழுக்காற்று நீக்கம் அல்ல. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் சேவை உள்ளவரை அப்படி நீக்க, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த நீக்கமே செல்லாது. நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கு உடனே போங்கள். ஒழுக்காற்றுத் தண்டனையாக நீக்கினால், நீக்கிய நாளுக்குப் பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் வந்த உறையையும் தபால் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.

தொழில் நியாயசபை

கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின்கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆறு மாதம் இறுக்கமானது. கம்பனிக்குள் செய்த மேன்முறையீட்டின் பதிலைப் பார்த்திருந்து காலத்தைக் கோட்டைவிடாதீர்கள். சட்டத்தரணி இல்லாமல் நீங்களே போகலாம், தொழிற்சங்கப் பிரதிநிதியும் வரலாம். வசதி குறைந்தவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். விண்ணப்பம் தமிழிலேயே கொடுக்க அரசியலமைப்பு உரிமை தருகிறது. கொழும்பில் சிங்களத்தில்தான் நடக்கும் என்று யாராவது சொன்னால், மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையும் அதிலேயே இருக்கிறது.

விண்ணப்பத்தில் அடிக்கடி நேரும் பிழை கம்பனியின் பெயர். வாசற் பலகையில் உள்ள வியாபாரப் பெயரை எழுதுகிறார்கள். நியமனக் கடிதத்திலும் ஊழியர் சேமலாப நிதிக் கூற்றிலும் உள்ள பதிவுப் பெயரை எழுத வேண்டும். சேர்ந்த திகதி, பதவி, கடைசிச் சம்பளம், நீக்கிய திகதி, கேட்கும் நிவாரணம் என்பவற்றையும் குறிப்பிடுங்கள். மீண்டும் வேலையா, நட்டஈடா என்பதை முதலிலேயே யோசித்து எழுதுங்கள். நீக்கியதைக் கம்பனி ஒப்புக்கொண்டால் அதை நியாயப்படுத்தும் பொறுப்பு அவர்களுக்கே. உறுதிப்படுத்தாத கீற்றுச் சோதனை, முத்திரையிடாத போத்தல், முன்னரே கொடுத்த வைத்தியரின் கடிதம் ஆகியவை இங்கேதான் பலனளிக்கும். மூன்றாம் வகை மருந்து எடுத்தவருக்கு இங்கே நம்பிக்கை குறைவு என்பதையும் நேராகவே சொல்ல வேண்டும். நடைமுறைக் குறை ஒன்றே அவருக்கு மிஞ்சும் வாதம்.

அரச ஊழியருக்கு இந்தப் பாதை இல்லை. அவருக்குத் தாபன விதிக்கோவையும் அரசாங்கச் சேவை ஆணைக்குழுவும் உண்டு. சமத்துவ உரிமை மீறப்பட்டதென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனு, அல்லது அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு. வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டிலிருந்து சுயாதீன ஒப்பந்தத்தில் வேலை செய்பவரும் நியாயசபைக்குப் போக முடியாது. அவர் தொழில்தருநர் ஊழியர் உறவில் இல்லை. ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் என்று இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

பிடித்துவைக்க முடியாத பணம்

போதைப்பொருள் காரணமாக நீக்கப்பட்டவருக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அது பிழை. சேமலாப நிதியில் உங்கள் 8 சதவீதமும் அவர்களின் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் 3 சதவீதமும் உங்களுடையவை. 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், முப்பது நாளுக்குள். மோசடி, பணக்கையாடல், உடைமைச் சேதம் அல்லது இழப்பு ஆகிய காரணங்களால் நீக்கப்பட்டால் மட்டுமே, அதுவும் அந்த இழப்பின் அளவுக்கே, அதைக் குறைக்கலாம். பொசிட்டிவ் அறிக்கை அந்தப் பட்டியலில் இல்லை. முப்பது நாள் கடந்தும் வராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். நியாயசபை வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது இந்தப் பணத்தை வாங்குவதென்றால், ‘வழக்கிலுள்ள என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெறுகிறேன்’ என்று பற்றுச்சீட்டில் எழுதிவிட்டு வாங்குங்கள். ‘முழுமையும் இறுதியுமான தீர்வு’ என்று அச்சடித்த படிவத்தை நீட்டினால், அந்த வரியை வெட்டி, பக்கத்தில் கையொப்பமிட்டு, பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.